கருனி வழுநீக்கக் கோப்புகளின் இருப்பிடம்

கருனி வழுநீக்கக் கோப்புகளின் இருப்பிடம் என்பது, ஓர் இயக்கு தளம் தனது கருனிக்கு (கெர்னல்) உரிய வழுநீக்கத் தகவல்களைக் கோப்பு முறைமையில் எந்த அடைவில் சேமிக்க வேண்டும் என்னும் வடிவமைப்புச் சிக்கலைக் குறிக்கும். கருனி நிலைகுலைந்து கணினி நின்றுவிடும்போது, அதற்கான காரணத்தைக் கண்டறிய இக்கோப்புகள் இன்றியமையாதவை. ஆனால் கணினி இயல்பாக இயங்குவதற்கு இவை சிறிதும் தேவையில்லை. அளவில் இவை கருனியைவிடப் பன்மடங்கு பெரியவை. எப்போதாவது மட்டும் தேவைப்படும் பெரிய கோப்புகளை, எப்போதும் தேவைப்படும் சிறிய கோப்புகளுக்கு அருகிலேயே வைப்பதா, வேறிடத்தில் வைப்பதா என்பதே இச்சிக்கலின் சாரம்.

ஃபிரீபிஎஸ்டி இயக்கு தளம் 2016 இல் வெளியான 11.0 பதிப்பில் இக்கோப்புகளைத் துவக்க அடைவிலிருந்து /யூஎஸ்ஆர்/லிப்/டிபக் என்னும் அடைவுக்கு இடம் மாற்றியது. இச்சிக்கலுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு என்பதால் இக்கட்டுரை அதனையே முதன்மையாக விளக்குகிறது. அடைவுப் பெயர்களும் கோப்புப் பெயர்களும் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

பின்னணி

கருனி என்பது இயக்கு தளத்தின் மையப் பகுதி ஆகும். நினைவகம், நுண்செயலி, வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை மேலாள்வது இதுவே. கருனியின் மூலநிரல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகிறது. நிரல்மொழிமாற்றி அதனைப் பொறிமொழியாக மாற்றுகிறது. அவ்வாறு மாற்றும்போது செயற்கூறுகளின் பெயர்கள், மாறிகளின் வகைகள், வரி எண்கள் முதலிய மனிதருக்கு விளங்கும் தகவல்கள் பொறிக்குத் தேவைப்படுவதில்லை. அவை நீக்கப்பட்டாலும் நிரல் சரியாகவே இயங்கும்.

எனினும், நிரல் பழுதுபடும்போது எஞ்சுவன வெறும் எண்களே. "இன்ன முகவரியில் இருந்த ஆணையை நிறைவேற்றும்போது பிழை நேர்ந்தது" என்று மட்டுமே பொறி கூற இயலும். அம்முகவரி எந்தச் செயற்கூற்றில், எந்த மூலக் கோப்பில், எத்தனையாவது வரியில் உள்ளது என்பதை அறிய ஓர் அகராதி வேண்டும். வழுநீக்கத் தகவல் என்பது அந்த அகராதியே ஆகும்.

யுனிக்ஸ் வழிவந்த இயக்கு தளங்களில் செயற்படு கோப்புகள் ஈஎல்எஃப் எனப்படும் வடிவத்திலும், அவற்றினுள் வழுநீக்கத் தகவல் டுவார்ஃப் எனப்படும் வடிவத்திலும் அமைகின்றன. டுவார்ஃப் தகவலில் பின்வருவன அடங்கும்:

• ஒவ்வொரு பொறிமொழி முகவரிக்கும் உரிய மூலக் கோப்பின் பெயரும் வரி எண்ணும்
• ஒவ்வொரு தரவு அமைப்பின் உறுப்புகளும், அவற்றின் வகைகளும், தொடக்கத்திலிருந்து அவை அமைந்துள்ள தொலைவும்
• செயற்கூறுகளின் அளபுருக்களும் உள் மாறிகளும், அவை எந்தப் பதிவகத்தில் அல்லது அடுக்கில் எவ்விடத்தில் உள்ளன என்பதும்
• அழைப்புத் தொடரைப் பின்னோக்கிப் பிரித்தறியத் தேவையான விவரங்கள்

இத்தனை விவரங்களைத் தாங்குவதால் வழுநீக்கத் தகவல் மிகப் பெரியதாகிறது. லினக்ஸ் வழங்கல்களில் துவக்கத்திற்குப் பயன்படும் சுருக்கப்பட்ட கருனிக் கோப்பு பொதுவாகச் சில மெகாபைட் முதல் சில பத்து மெகாபைட் வரை இருக்கும். அதே கருனியின் வழுநீக்கத் தகவலுடன் கூடிய கோப்போ பல நூறு மெகாபைட் அளவை எட்டும்.

குறியீட்டு அட்டவணையும் வழுநீக்கத் தகவலும்

இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுவது உண்டு. இவை வெவ்வேறானவை. குறியீட்டு அட்டவணை என்பது செயற்கூறுகள், பொது மாறிகள் ஆகியவற்றின் பெயர்களையும் முகவரிகளையும் மட்டும் கொண்ட சிறிய பட்டியல் ஆகும். இது கருனிக் கோப்பினுள்ளேயே இருந்து, கருனியுடன் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. நிலைகுலைவின்போது திரையில் தோன்றும் செயற்கூறுகளின் பெயர்கள் இவ்வட்டவணையிலிருந்தே பெறப்படுகின்றன. ஃபிரீபிஎஸ்டி கருனியின் உள்ளிருந்தே இயங்கும் டிடிபி என்னும் வழுநீக்கிக்கும் இதுவே போதுமானது.

வரி எண்கள், தரவு வகைகள் ஆகியவற்றைக் கொண்ட பெரிய தகவல் தொகுதியே தனிக் கோப்பாகப் பிரிக்கப்படுகிறது. இருப்பிடம் பற்றிய சிக்கல் இத்தனிக் கோப்பைப் பற்றியது மட்டுமே ஆகும்.

கோப்பு பிரிக்கப்படும் முறை

கருனி முதலில் முழு வழுநீக்கத் தகவலுடன் தொகுக்கப்படுகிறது. பின்னர் ஆப்ஜ்காப்பி என்னும் கருவி மூலம் அது இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. முதற்படியில் வழுநீக்கப் பகுதிகள் மட்டும் ஒரு தனிக் கோப்பில் எழுதப்படுகின்றன. இரண்டாம் படியில் அப்பகுதிகள் நீக்கப்பட்ட கருனி மற்றொரு கோப்பில் எழுதப்படுகிறது. இந்த இரண்டாம் கோப்பில், வழுநீக்கக் கோப்பின் பெயரும் அதன் உள்ளடக்கத்திற்கான 32 பிட்டு சரிபார்ப்பு எண்ணும் ஒரு சிறு பகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. இது வழுநீக்க இணைப்பு எனப்படும்.

இவ்விணைப்பில் கோப்பின் பெயர் மட்டுமே உண்டு, முழுப் பாதை இல்லை என்பது கவனிக்கத் தக்கது. ஆகவே, கோப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது வழுநீக்கியின் பொறுப்பாகிறது. குனூ வழுநீக்கியான ஜிடிபி பின்வரும் இடங்களில் தேடுகிறது:

1. செயற்படு கோப்பு இருக்கும் அதே அடைவு
2. அவ்வடைவின் கீழ் உள்ள .டிபக் என்னும் துணை அடைவு
3. பொது வழுநீக்க அடைவின் கீழ், செயற்படு கோப்பின் முழுப் பாதையை அப்படியே பின்பற்றும் அடைவு

பொது வழுநீக்க அடைவு வழக்கமாக /யூஎஸ்ஆர்/லிப்/டிபக் ஆகும். இதன்படி /பூட்/கெர்னல் அடைவில் உள்ள கருனிக்கு உரிய கோப்பு /யூஎஸ்ஆர்/லிப்/டிபக்/பூட்/கெர்னல் அடைவில் தேடப்படும். மூல அடைவின் அமைப்பு முழுவதும் ஒரு நிழல் போல அப்பொது அடைவின் கீழ் மீண்டும் அமைகிறது எனலாம்.

ஃபிரீபிஎஸ்டியில் பழைய ஏற்பாடு

ஃபிரீபிஎஸ்டியின் 4 ஆம் வரிசை வெளியீடுகள் வரை கருனி மூல அடைவிலேயே ஒற்றைக் கோப்பாக இருந்தது. கருனிக் கூறுகள் தனி அடைவில் இருந்தன. 2003 இல் வெளியான 5.0 பதிப்பிலிருந்து கருனியும் அதன் கூறுகளும் /பூட்/கெர்னல் என்னும் ஒரே அடைவில் இடம்பெற்றன. இதனால் ஒரு கருனியையும் அதற்குப் பொருந்தும் கூறுகளையும் ஒன்றாகக் கையாள முடிந்தது.

பின்னர் வழுநீக்கக் கோப்புகளும் இதே அடைவில், சிம்பல்ஸ் என்னும் பின்னொட்டுடன் நிறுவப்பட்டன. கருனிக்கு ஒன்றும், ஒவ்வொரு கூறுக்கும் ஒன்றுமாக இவை அமைந்தன. ஃபிரீபிஎஸ்டியில் கூறுகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருப்பதால், இவ்வடைவின் கோப்பு எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகியது. அளவோ அதைவிடப் பெருகியது.

இட நெருக்கடி

பழைய யுனிக்ஸ் மரபின்படி வட்டு பல பிரிவுகளாகப் பகுக்கப்படும். மூலக் கோப்பு முறைமைக்குச் சிறிய பிரிவும், /யூஎஸ்ஆர் அடைவுக்குப் பெரிய பிரிவும் ஒதுக்கப்படும். மூலப் பிரிவு சிறியதாக இருந்தால் அது பழுதுபடும் வாய்ப்பு குறைவு, மீட்பதும் எளிது என்பது இதற்கான காரணம். /பூட் அடைவு இச்சிறிய மூலப் பிரிவிலேயே அமைந்தது.

இதனுடன் மற்றொரு வழக்கமும் சேர்ந்தது. ஃபிரீபிஎஸ்டியில் புதிய கருனி நிறுவப்படும்போது, நடப்பில் உள்ள /பூட்/கெர்னல் அடைவு முழுவதும் கெர்னல்.ஓல்டு என்று பெயர் மாற்றப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. புதிய கருனி துவங்காவிட்டால், ஏற்றியின் பட்டியலிலிருந்து பழைய கருனியைத் தேர்ந்தெடுத்துக் கணினியைத் துவக்கலாம். இப்பாதுகாப்பின் விளைவாக, அடைவில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் இரு படிகளுக்கு இடம் வேண்டும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மூலப் பிரிவு 512 மெகாபைட் எனவும், கருனியும் கூறுகளும் சேர்ந்து 100 மெகாபைட் எனவும், அவற்றின் வழுநீக்கக் கோப்புகள் 150 மெகாபைட் எனவும் கொள்வோம். வழுநீக்கக் கோப்புகள் இல்லாவிடில் இரு கருனிகளுக்கும் 200 மெகாபைட் போதும். அவை சேர்ந்தால் 500 மெகாபைட் வேண்டும். எஞ்சும் 12 மெகாபைட்டில் அமைவடிவக் கோப்புகளும் அடிப்படை நிரல்களும் நூலகங்களும் அடங்க வேண்டும். அது இயலாது. நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

நிறுவல் பாதியில் நிற்பது இங்கு எளிய தொல்லை அன்று. அந்நேரத்தில் பழைய அடைவு பெயர் மாற்றப்பட்டிருக்கும். புதிய அடைவு முழுமை பெற்றிருக்காது. இதனைக் கவனியாமல் கணினியை மறுதுவக்கம் செய்தால், ஏற்றி முழுமையற்ற கருனியையே முதலில் நாடும். திரையும் விசைப்பலகையும் அருகில் இருப்பவர் பழைய கருனியைத் தேர்ந்து மீண்டுவிடலாம். தொலைவில் உள்ள தரவு நடுவத்தில் இருக்கும் வழங்கியை வலையமைப்பு வழியாக மட்டுமே அணுகுபவருக்கு அவ்வாய்ப்பு இராது. வழுவைக் கண்டறிய உதவ வேண்டிய கோப்புகளே கணினியைத் துவங்க விடாமல் செய்யும் நிலை இவ்வாறு உருவாகிறது.

2012 இல் வெளியான ஃபிரீபிஎஸ்டி 9.0 பதிப்பில் புதிய நிறுவி அறிமுகமானது. அது இயல்பாக முழு வட்டையும் ஒரே பெரிய கோப்பு முறைமையாக அமைத்தது. புதிதாக நிறுவியோருக்கு நெருக்கடி தணிந்தது. ஆனால் பழைய பதிப்புகளில் நிறுவி, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து மேம்படுத்தி வந்த கணினிகளில் வட்டுப் பிரிவுகள் பழைய அளவிலேயே இருந்தன.

இடம் குறைந்தோர் கருனி வழுநீக்கக் கோப்புகளை நிறுவாமல் விடுவதற்கு ஒரு தொகுப்பு விருப்பத்தேர்வும் அளிக்கப்பட்டது. சிறிய மூலப் பிரிவு உடையோருக்கு இது பரிந்துரைக்கப்படுவதாக அதன் கையேட்டுப் பக்கமே குறிப்பிட்டது. ஆயினும் இது முழுமையான தீர்வு ஆகாது. இத்தேர்வைப் பயன்படுத்தியவர் தம் கணினி நிலைகுலையும் நாளில் அகராதி இல்லாமல் நிற்க நேரிடும்.

நிலைகுலைவின்போது நடப்பவை

கோப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய, அவை எப்போது தேவைப்படுகின்றன என்பதை அறிய வேண்டும். ஃபிரீபிஎஸ்டியில் நிகழ்வுகளின் வரிசை பின்வருமாறு:

1. கருனி மீள முடியாத பிழையைக் கண்டு தன் இயக்கத்தை நிறுத்துகிறது. இது நிலைகுலைவு (பேனிக்) எனப்படும்.
2. இந்நிலையில் கோப்பு முறைமையை நம்ப முடியாது. கோப்பு முறைமையை மேலாளும் நிரற்பகுதியே பழுதுபட்டிருக்கலாம். ஆகவே நினைவகத்தின் உள்ளடக்கம், முன்பே குறிக்கப்பட்ட வட்டுப் பிரிவில் நேரடியாக எழுதப்படுகிறது. வழக்கமாக இது இடமாற்றுப் பரப்பு ஆகும். அடுத்த துவக்கத்தில் அப்பரப்பு பயன்படத் தொடங்கினாலும் பதிவு அழியாதிருக்க, அது பிரிவின் இறுதிப் பகுதியில் எழுதப்படுகிறது.
3. கணினி மறுதுவக்கம் அடைகிறது. ஏற்றி, கருனியைத் துவக்க அடைவிலிருந்து நினைவகத்தில் ஏற்றுகிறது.
4. கோப்பு முறைமைகள் சரிபார்க்கப்பட்டுப் பொருத்தப்படுகின்றன.
5. சேவ்கோர் என்னும் நிரல், வட்டுப் பிரிவில் உள்ள நினைவகப் பதிவை /வார்/கிராஷ் அடைவில் ஒரு கோப்பாகச் சேமிக்கிறது.
6. கிராஷ்இன்ஃபோ என்னும் நிரல், அப்பதிவையும் கருனியையும் வழுநீக்கக் கோப்பையும் வழுநீக்கியிடம் அளித்து, படிக்கத் தக்க உரை அறிக்கை ஒன்றை உருவாக்குகிறது.

இவ்வரிசையில் வழுநீக்கக் கோப்பு முதன்முதலாகத் தேவைப்படுவது 6 ஆம் படியில்தான். அதற்கு முன்பே, 4 ஆம் படியில், /யூஎஸ்ஆர் உள்ளிட்ட எல்லாக் கோப்பு முறைமைகளும் பொருத்தப்பட்டுவிடுகின்றன. மேலும் வழுநீக்கி நிரலே /யூஎஸ்ஆர் அடைவின் கீழ்தான் உள்ளது. /யூஎஸ்ஆர் இல்லாத நிலையில் வழுநீக்கக் கோப்பு மட்டும் /பூட் அடைவில் கைக்கெட்டினாலும், அதைப் படிக்க நிரல் இராது. ஆகவே துவக்க அடைவில் இருப்பதால் இக்கோப்புக்குத் தனிப் பயன் எதுவும் இல்லை.

கோப்பு முறைமைப் படிநிலைச் செந்தரத்தின் கோட்பாடும் இம்முடிவையே ஆதரிக்கிறது. லினக்ஸ் வழங்கல்களுக்காக வகுக்கப்பட்ட அச்செந்தரத்தின் 3.0 பதிப்பு 2015 இல் வெளியானது. பயனர் நிலை நிரல்களைக் கருனி இயக்கத் தொடங்குவதற்கு முன் தேவைப்படும் தரவுகளுக்கு உரிய இடமாக அது /பூட் அடைவை வரையறுக்கிறது. வழுநீக்கக் கோப்பு இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை.

2016 ஆம் ஆண்டு மாற்றம்

2016 அக்டோபரில் வெளியான ஃபிரீபிஎஸ்டி 11.0 பதிப்பில் கருனி வழுநீக்கக் கோப்புகள் /யூஎஸ்ஆர்/லிப்/டிபக்/பூட்/கெர்னல் அடைவுக்கு மாற்றப்பட்டன. சிம்பல்ஸ் என்னும் பின்னொட்டு, பயனர் நிலை நிரல்களின் வழுநீக்கக் கோப்புகளுக்கு வழங்கும் டிபக் என்னும் பின்னொட்டாக மாறியது. இதனால் பின்வரும் நன்மைகள் விளைந்தன:

• துவக்க அடைவின் அளவு வெகுவாகக் குறைந்தது.
• கருனி, நூலகங்கள், நிரல்கள் ஆகிய அனைத்தின் வழுநீக்கக் கோப்புகளும் ஒரே மரத்தின் கீழ் வந்தன.
• வழுநீக்கியின் இயல்பான தேடல் முறைக்குள் இவ்விடம் ஏற்கெனவே அடங்கியிருந்ததால், பயனர் புதிதாக எதையும் அமைக்க வேண்டியிருக்கவில்லை.
• கருனித் தொகுதியும் அதன் வழுநீக்கத் தொகுதியும் தனித்தனியே வெளியிடப்பட்டன. வேண்டியவர் மட்டும் பின்னதை நிறுவலாம்.

மாற்றுக் கருத்துகள்

கருனிக்கு அருகிலேயே வழுநீக்கக் கோப்பை வைப்பதற்கும் வலுவான காரணங்கள் உள்ளன.

முதலாவது, இணை பிரியாமை. வழுநீக்கக் கோப்பு தனக்கு உரிய கருனிக்கு மட்டுமே பொருந்தும். மூலநிரலில் ஒரு வரி மாறினாலும் முகவரிகள் நகர்ந்துவிடும். இரண்டும் ஒரே அடைவில் இருந்தால், பெயர் மாற்றும்போதும் படியெடுக்கும்போதும் அவை சேர்ந்தே நகரும். வெவ்வேறு மரங்களில் இருந்தால் ஒன்று நகர்ந்து மற்றொன்று தங்கிவிடக் கூடும். பழைய கருனியை நினைவில் வைத்துப் புதிய வழுநீக்கக் கோப்பை நீக்குவதும், அதன் மறுதலையும் நேரலாம். ஆகவே, கருனி அடைவைப் பெயர் மாற்றும் நிறுவல் முறை, நிழல் அடைவையும் உடன் பெயர் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பின்னோக்கித் திரும்புதல். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் துவக்கச் சூழல் என்னும் வசதி உண்டு. மேம்படுத்தல் தவறினால் முழு இயக்கு தளத்தையும் முந்தைய நிலைக்குத் திருப்பலாம். ஃபிரீபிஎஸ்டி நிறுவியின் இயல்பு அமைப்பில் /பூட், /யூஎஸ்ஆர்/லிப் ஆகிய இரண்டும் ஒரே துவக்கச் சூழலுக்குள் அடங்குவதால், கருனியும் வழுநீக்கக் கோப்பும் ஒன்றாகவே திரும்புகின்றன. ஆனால் இடம் கருதி /யூஎஸ்ஆர்/லிப்/டிபக் அடைவைத் தனித் தரவுத்தொகுதியாகப் பிரித்தவருக்கு, கருனி பழையதாகவும் வழுநீக்கக் கோப்பு புதியதாகவும் அமையும் நிலை ஏற்படும்.

மூன்றாவது, பிற கணினியில் ஆய்தல். நினைவகப் பதிவை வேறொரு கணினிக்குக் கொண்டுசென்று ஆய்வது வழக்கம். முன்னர் ஓர் அடைவைப் படியெடுத்தால் போதும். இப்போது இரு அடைவுகளைப் படியெடுக்க வேண்டும்.

இக்காரணங்கள் மூன்றும் இரு கோப்புகள் பொருந்துவதைப் பற்றியவையே அன்றி, அவை அடுத்தடுத்து இருப்பதைப் பற்றியவை அல்ல. பொருத்தத்தை வேறு வழியில் உறுதி செய்ய முடிந்தால், அருகில் வைக்க வேண்டிய தேவை குறைந்துவிடும்.

பொருத்தத்தை உறுதி செய்தல்

பொருந்தாத வழுநீக்கக் கோப்பு, கோப்பே இல்லாத நிலையைவிடத் தீங்கானது. கோப்பு இல்லையெனில் வழுநீக்கி அதனைத் தெரிவித்துவிடும். பொருந்தாத கோப்பை ஏற்றால், தவறான செயற்கூற்றின் பெயரையும் தவறான வரி எண்ணையும் ஐயமின்றிக் காட்டும். ஆய்பவர் வழு இல்லாத இடத்தில் பல நாட்கள் தேட நேரிடும்.

வழுநீக்க இணைப்பில் உள்ள 32 பிட்டு சரிபார்ப்பு எண் இதற்கு ஒரு தடை. எனினும் அதனைச் சரிபார்க்க முழுக் கோப்பையும் படிக்க வேண்டும். இதனினும் சிறந்த முறையாகக் கட்டமைப்பு அடையாளம் 2007 இல் குனூ இணைப்பியில் சேர்க்கப்பட்டது. இது செயற்படு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் தனித்த எண் ஆகும். பொதுவாக 160 பிட்டுகள் கொண்டது. கருனியிலும் வழுநீக்கக் கோப்பிலும் இவ்வெண் ஒன்றாகவே பொறிக்கப்படுகிறது.

கட்டமைப்பு அடையாளம் கோப்பின் இருப்பிடத்தையும் தீர்மானிக்க வல்லது. பொது வழுநீக்க அடைவின் கீழ் .பில்டு-ஐடி என்னும் துணை அடைவு உள்ளது. அடையாளத்தைப் பதினறும எண்முறையில் எழுதினால் வரும் 40 இலக்கங்களில் முதல் 2 இலக்கங்கள் அடைவின் பெயராகவும், எஞ்சிய 38 இலக்கங்கள் கோப்பின் பெயராகவும் அமைகின்றன. இம்முறையில் கருனி எந்த அடைவில் இருந்தாலும், எந்தப் பெயர் பெற்றாலும், அதற்கு உரிய வழுநீக்கக் கோப்பு தவறாமல் கிடைக்கும். ஒரே பெயருடைய பல கருனிகளின் கோப்புகளும் முரண்பாடின்றி ஒரே மரத்தில் இருக்கலாம்.

பிற இயக்கு தளங்களில்

லினக்ஸ்

லினக்ஸ் வழங்கல்களில் வழுநீக்கக் கோப்புகள் தனிப் பொதிகளாகவே கிடைக்கின்றன, இயல்பாக நிறுவப்படுவதில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இக்கோப்பு /யூஎஸ்ஆர்/லிப்/டிபக்/பூட் அடைவிலும், ஃபெடோராவில் /யூஎஸ்ஆர்/லிப்/டிபக்/லிப்/மாட்யூல்ஸ் அடைவின் கீழ்க் கருனிப் பதிப்பின் பெயர் கொண்ட அடைவிலும் நிறுவப்படுகிறது. கோப்பின் பெயரிலோ அடைவின் பெயரிலோ பதிப்பு எண் இடம்பெறுவதால், பல கருனிகள் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

கருனியின் குறியீடுகளைப் பட்டியலிடும் சிஸ்டம்.மேப் என்னும் கோப்பு நெடுங்காலமாக /பூட் அடைவில் இருந்து வந்துள்ளது. டெபியனின் அண்மைய பதிப்புகளில் அவ்விடத்தில் ஒரே வரி கொண்ட கோப்பு மட்டுமே உள்ளது. உண்மையான கோப்பு வழுநீக்கப் பொதியில் இருப்பதாக அவ்வரி தெரிவிக்கிறது.

லினக்ஸில் நினைவகப் பதிவு எடுக்கும் முறை வேறானது. 2005 முதல் கருனியில் உள்ள கேடம்ப் வசதியின்படி, முன்பே ஒதுக்கி வைக்கப்பட்ட நினைவகப் பகுதியில் காத்திருக்கும் இரண்டாம் கருனி துவங்கி, நிலைகுலைந்த கருனியின் நினைவகத்தைப் பதிவு செய்கிறது. அங்கும் வழுநீக்கக் கோப்பு தேவைப்படுவது பதிவு முடிந்த பின்னர் ஆய்வின்போதுதான்.

விண்டோஸ்

விண்டோஸ் இயக்கு தளத்தில் வழுநீக்கத் தகவல் பிடிபி என்னும் வடிவத்தில் அமைகிறது. கருனியின் பிடிபி கோப்பு பயனரின் கணினியில் நிறுவப்படுவதில்லை. மைக்ரோசாஃப்ட் நடத்தும் பொதுக் குறியீட்டு வழங்கியிலிருந்து வழுநீக்கி தேவைப்படும்போது அதனைத் தரவிறக்கி, உள்ளூர் அடைவு ஒன்றில் சேமித்துக்கொள்கிறது. கருனிக் கோப்பில் பொறிக்கப்பட்டுள்ள தனித்த அடையாள எண் மூலம் சரியான கோப்பு கண்டறியப்படுகிறது.

மாக் ஓஎஸ்

ஆப்பிள் நிறுவனம் கருனி வழுநீக்கத் தொகுதியைத் தனித் தரவிறக்கமாக நிரலாளர்களுக்கு வழங்குகிறது. இது /லைப்ரரி/டெவலப்பர்/கேடிகேஸ் அடைவில் நிறுவப்படுகிறது. ஒவ்வொரு இயக்கு தளப் பதிப்புக்கும் தனித் தொகுதி உண்டு.

ஓபன்பிஎஸ்டி

2017 இல் வெளியான ஓபன்பிஎஸ்டி 6.2 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு துவக்கத்தின்போதும் கருனியின் பகுதிகள் வெவ்வேறு வரிசையில் மீண்டும் இணைக்கப்பட்டு, அடுத்த துவக்கத்திற்கான புதிய கருனி உருவாக்கப்படுகிறது. தாக்குபவர் முகவரிகளை ஊகிக்க இயலாதவாறு செய்வதே இதன் நோக்கம். இதன் விளைவாக, ஒரு கணினியின் கருனி மற்றொரு கணினியின் கருனியை ஒத்திராது. எல்லோருக்கும் பொதுவான ஒரே வழுநீக்கக் கோப்பை வெளியிட்டால் அதன் முகவரிகள் எக்கணினிக்கும் பொருந்தா. பாதுகாப்பும் வழுநீக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இடங்களில் இது ஒன்று.

வலையமைப்பு வழி வழங்கல்

விண்டோஸில் உள்ளது போன்ற ஏற்பாடு கட்டற்ற மென்பொருள் உலகிலும் பரவியுள்ளது. 2019 இல் எல்ஃப்யூட்டில்ஸ் திட்டம் டிபக்இன்ஃபோடி என்னும் வழங்கி மென்பொருளை வெளியிட்டது. வழுநீக்கி ஒரு கட்டமைப்பு அடையாளத்தை அனுப்பினால், அதற்கு உரிய வழுநீக்கக் கோப்பையும் மூலநிரலையும் வழங்கி திருப்பி அனுப்பும். ஃபெடோரா, டெபியன் முதலிய வழங்கல்கள் இத்தகைய பொது வழங்கிகளை நடத்துகின்றன.

இம்முறையில் உள்ளூர் வட்டில் இடமே தேவையில்லை என்றாலும், இதற்கு எல்லைகள் உண்டு. இணைய இணைப்பு இல்லாத கணினிகளுக்கு இது பயன்படாது. தாமே தொகுத்த கருனிக்கு உரிய கோப்பு எந்தப் பொது வழங்கியிலும் இராது. வலையமைப்பு இயக்கியின் வழுவால் நிலைகுலையும் கணினி, தன் வழுவின் காரணத்தை அறிய வலையமைப்பையே நம்பியிருக்க நேரிடும். ஆகவே உள்ளூர் அடைவு பற்றிய கேள்வி முற்றிலும் மறைந்துவிடவில்லை.

சுருக்க வடிவங்கள்

முழு டுவார்ஃப் தகவலுக்கு மாற்றாக, தரவு வகைகளை மட்டும் சுருக்கமாகக் கூறும் வடிவங்களும் உள்ளன. சோலாரிசில் தோன்றிய சிடிஎஃப் வடிவம் ஃபிரீபிஎஸ்டி கருனியிலும் டிடிரேஸ் கருவிக்காகப் பயன்படுகிறது. லினக்ஸில் பிடிஎஃப் என்னும் வடிவம் உண்டு. நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட டுவார்ஃப் தகவலில் உள்ள வகை விவரங்கள், திரும்ப வருவன நீக்கப்பட்டபின் பிடிஎஃப் வடிவில் சில மெகாபைட்டில் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு சிறியதாதலால் இது கருனியினுள்ளேயே வைக்கப்பட்டு, இயங்கும் கணினியில் /சிஸ்/கெர்னல்/பிடிஎஃப் அடைவில் காணக் கிடைக்கிறது. ஆனால் இவ்வடிவங்கள் மாறிகளின் இருப்பிடங்களையும் வரி எண்களையும் டுவார்ஃப் போல முழுமையாகத் தருவதில்லை. நிலைகுலைவை ஆய முழுக் கோப்பு இன்னும் வேண்டும்.

பாதுகாப்பு

வழுநீக்கக் கோப்பு தாக்குபவருக்கு உதவும் என்னும் அச்சம் உண்டு. பொது வழங்கல்களின் கருனிகளைப் பொறுத்தவரை இவ்வச்சத்திற்கு அடிப்படை குறைவு. அதே கோப்பை எவரும் தரவிறக்கிக்கொள்ள முடியும். தாமே தொகுத்த கருனிகளில் மட்டும் அணுக்க அனுமதியைக் கட்டுப்படுத்துவது ஓரளவு பயன் தரும். உண்மையில் மிகுந்த காப்புக்கு உரியது நினைவகப் பதிவே ஆகும். கடவுச்சொற்களும் மறையாக்கத் திறவிகளும் அதில் இருக்கக் கூடும். வழுநீக்கக் கோப்பு வெறும் அகராதி. நினைவகப் பதிவு அந்த அகராதியால் படிக்கப்படும் நூல். இவ்விரண்டையும் ஒரே அடைவில் வைக்காமல், பின்னதை /வார் அடைவின் கீழ்க் குறைந்த அனுமதியுடன் வைக்கும் மரபு இதனால் பொருத்தமானது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

• கருனியை மேம்படுத்தும்போதே அதற்கு உரிய வழுநீக்கக் கோப்பையும் நிறுவுவது நன்று. நிலைகுலைவுக்குப் பின் அதே பதிப்பின் கோப்பைத் தேடுவது எப்போதும் வெற்றி தருவதில்லை.
• தாமே தொகுத்த கருனியின் வழுநீக்கக் கோப்பு தொலைந்தால் அதனை மீண்டும் உருவாக்குவது கடினம். அதே மூலநிரல், அதே நிரல்மொழிமாற்றி, அதே அமைவடிவம் ஆகிய மூன்றும் வேண்டும்.
• இடம் போதாதபோது பழைய வழுநீக்கக் கோப்புகளை நீக்கலாம். ஆனால் அக்கருனிக்கு உரிய நினைவகப் பதிவு எதுவும் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.
• துவக்கப் பிரிவு தனியாகவும் சிறியதாகவும் உள்ள கணினிகளில் வழுநீக்கக் கோப்புகளை அதில் வைக்கக் கூடாது.

கருனியை இயக்கத் தேவையானவை துவக்க அடைவிலும், கருனியை ஆராயத் தேவையானவை /யூஎஸ்ஆர் அடைவிலும், ஆய்வுக்கு உரிய பதிவுகள் /வார் அடைவிலும் இருப்பது என்னும் பகுப்பே இன்று யுனிக்ஸ் வழிவந்த பல இயக்கு தளங்களில் காணப்படுகிறது. இப்பகுப்பு பிழையின்றிச் செயற்பட, கருனியையும் அதன் வழுநீக்கக் கோப்பையும் இணைத்துக் காட்டும் அடையாளம் எவ்விடத்திலும் மாறாதிருக்க வேண்டும்.